சால்மனுக்கு ஒரு படகு: ஏரிக்கரைக் குறிப்புகள்

மார்ச் 22, சனி

இன்று ஸ்காபரோவுக்கு வெளியே இரண்டு பழைய படகுகளைப் பார்த்தோம். முதலாவது 14 அடி அலுமினியம், 20 குதிரைவலு மோட்டர். விலை கைக்கு அடக்கம். இரண்டாவது 19 அடி. அதுவும் அலுமினியம்தான், ஆனால் அடிப்பாகம் ஆழமான ‘வி’ வடிவம். பின்னால் 115 குதிரைவலுப் பெரிய மோட்டரும் பக்கத்தில் 9.9 குதிரைவலுச் சின்ன மோட்டரும்.

கூட வந்த அண்ணை மோட்டர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. படகின் பின்சுவரில் கையை வைத்து, தண்ணீர் நிற்கக்கூடிய மட்டத்திலிருந்து மேல்நோக்கிச் சாண் போட்டு அளந்தார். சின்னப் படகில் இரண்டு சாண்கூட வரவில்லை.

“தம்பி, இது குளத்துக்குக் காணும். இந்த ஏரிக்குக் காணாது” என்றார். பதினைந்து வயதில் ஊரில், மயிலிட்டியில் கடலுக்குப் போகத் தொடங்கியவர் அவர்.

ஏரி என்ற சொல்லைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. ஒன்ராறியோ ஏரி 311 கிலோமீற்றர் நீளம், 85 கிலோமீற்றர் அகலம், மிக ஆழமான இடத்தில் 244 மீற்றர். கடலலை நீண்டு வந்து வள்ளத்தைத் தூக்கி இறக்கும். இங்கே அலை குட்டை, நெருக்கம், செங்குத்து. ஒன்றிலிருந்து இறங்குவதற்குள் அடுத்தது வந்து அறையும். ட்ரோலிங் என்றால் படகு மணிக்கு 2, 2½ மைல் வேகத்தில் தூண்டில்களை இழுத்துக்கொண்டு ஊர்ந்தபடி இருக்கும். பின்னாலிருந்து அலை வந்தால் சட்டென்று வேகமெடுத்துத் தப்ப முடியாது. பின்சுவர் உயர்ந்திருந்தால் தப்பலாம்.

19 அடிக்கு முற்பணம் கொடுத்துவிட்டேன்.

மே 11, ஞாயிறு

தண்ணீர் 6 பாகை. மீன் கரையோரத்தில், 20 அடி ஆழத்துக்குள் நிற்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் படகின் சத்தத்துக்கு அது விலகிப் போகும் என்பதால், பக்கவாட்டில் மிதந்து செல்லும் பலகைகளில் நைலோனைக் கொழுவித் தூண்டில்களைப் படகிலிருந்து தள்ளி ஓடவிட்டோம். ஒரு கோஹோ சால்மன், 4 இறாத்தல்.

இந்தக் குளிரில் விழுந்தவனுக்குப் பத்து நிமிடத்துக்குள் கைவிரல்கள் சொல்வழி கேட்காமல் போகும். உயிர்காப்பு அங்கியை இருக்கைக்குக் கீழே வைத்திருப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. துறையிலேயே போட்டுக்கொண்டுதான் ஏறுகிறோம்.

ஜூன் 21, சனி

ஐந்து மணிநேரம் ஓடியும் ஒன்றும் கடிக்கவில்லை. பக்கத்துப் படகில் மூன்று ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். ஸ்பூன் தூண்டில்களை மாற்றினேன், நிறத்தை மாற்றினேன். ஜிபிஎஸ் 2.4 மைல் காட்டியது. வேகத்தில் பிழையில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அண்ணை, தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் ஈயக்குண்டின் கம்பியைக் காட்டினார். “கம்பி நிமிர்ந்து நிக்குது, பார். கீழ் நீரோட்டம் எங்களோட சேர்ந்து வருது. தூண்டில் ஓடேல்ல, சும்மா தொங்குது.” படகைத் திருப்பி நீரோட்டத்துக்கு எதிரே ஓடினோம். கம்பி பின்னோக்கிச் சரிந்தது. இருபது நிமிடத்தில் முதல் மீன்.

மேலே ஓடும் வேகம் வேறு, 70 அடிக்குக் கீழே தூண்டில் ஓடும் வேகம் வேறு. குண்டோடு கீழே போய் அங்குள்ள வேகத்தையும் வெப்பத்தையும் சொல்லும் கருவி ஒன்றை வாங்கப்போகிறேன். ஸ்பூன்களில் கொட்டிய காசை முதலிலேயே இதில் போட்டிருக்கலாம்.

சின்ன மோட்டரின் அருமையும் இன்றுதான் புரிந்தது. பெரிய மோட்டரை எவ்வளவு குறைத்தாலும் 3 மைலுக்குக் கீழே இறங்கவில்லை. 9.9 நாள் முழுவதும் முனகாமல் ஓடியது. பெரியது நடு ஏரியில் கைவிட்டாலும் கரை சேர்க்கப்போவது அதுதான்.

ஜூலை 19, சனி

மேலே 21 பாகை, 70 அடியில் 11. சினூக் சால்மன் 10 முதல் 13 பாகைக்குள் நிற்க விரும்பும் மீன். கோடையில் அந்தக் குளிர்ப்படை எந்த ஆழத்தில் கிடக்கிறது என்பதைக் காற்றுத்தான் தீர்மானிக்கிறது. கச்சான் (மேல்காற்று) இரண்டு மூன்று நாள் விடாமல் அடித்தால் மேலேயுள்ள சூட்டுநீர் தெற்கே தள்ளுப்பட்டு, அடிக்குளிர் எங்கள் வடகரைக்கு ஏறிவரும். அப்போது 40 அடியிலேயே மீன் கிடைக்கும். கொண்டல் (கீழ்காற்று) திரும்பினால் சூட்டுநீர் எங்கள் பக்கம் குவிந்து, குளிர் ஆழத்துக்கு இறங்கிவிடும். காற்றுகளுக்கு அண்ணை சொல்லும் ஊர்ப்பெயர்கள் இந்த ஏரிக்கும் அப்படியே பொருந்துகின்றன.

அந்த ஆழத்துக்குத் தூண்டிலைக் கொண்டுபோவது டவுன்றிகர். உருக்குக் கம்பி, நுனியில் 12 இறாத்தல் ஈயக்குண்டு, அதற்குச் சற்று மேலே ஒரு கிளிப். தூண்டிலை முதலில் 40 அடி பின்னே விட்டு, நைலோனைக் கிளிப்பில் கடிக்கவைத்து, குண்டை இறக்க வேண்டும். கிளிப்பை இறுக்கினால் சின்ன மீன் மாட்டி இழுபடுவதுகூடத் தெரியாது; தளர்த்தினால் அலைக்கே கழன்றுவிடும். பிறகு றீலைச் சுற்றச் சுற்றக் கோல் வில்லாக வளைந்து நுனி தண்ணீரைப் பார்க்கும். மீன் அடித்ததும் கிளிப் கழன்று கோல் சடாரென்று நிமிரும். அந்தக் கணத்திலேயே கோலைத் தூக்கிச் சுற்றத் தொடங்க வேண்டும். நைலோன் தளர்ந்தால் மீன் முள்ளை உதறிவிடும். இதற்கு 9 அடி நீள, மெத்தென்று வளையும் கோல் வேண்டும். விறைப்பான கோல் அப்படி வளைந்து காத்திருக்காது.

ஒன்ராறியோவில் இந்த ஏரியில் படகிலிருந்து பிடிக்கும் ஒருவர் இரண்டு தூண்டில் போடலாம். நாங்கள் இருவர், டவுன்றிகரில் இரண்டு, தூண்டிலைப் பக்கவாட்டில் ஆழத்துக்கு இழுத்துச் செல்லும் டிப்சி டைவரில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. அதற்கு மேல் போட்டாலும் சிக்கெடுக்கத்தான் நேரம் போகும்.

ஆகஸ்ட் 23, சனி

ப்ளஃபர்ஸ் பார்க் துறையிலிருந்து வெளிக்கிட்டு அரை மணிநேரம். இன்னும் விடியவில்லை. வெள்ளை ஃபிளாஷர் தகட்டுக்குப் பின்னால் மினுக்கு இழை கட்டிய பச்சைத் தூண்டில். கோல் நிமிர்ந்தது, நான் கையில் எடுப்பதற்குள் றீல் அலறத் தொடங்கிவிட்டது. நீளம் காட்டும் எண் 150 அடியிலிருந்து 430க்குப் போனது. இருபத்தைந்து நிமிடம். 24 இறாத்தல் சினூக்.

வயிற்றுக்குள் அலைவைஃப் என்ற சின்ன இரைமீன் ஆறு, எல்லாம் என் நடுவிரல் நீளம். வெள்ளி ஸ்பூன்கள் ஏன் அந்த அளவில் செய்யப்படுகின்றன என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். இந்த ஏரியின் சொந்த அட்லாண்டிக் சால்மன் அணைகளாலும் அளவுமீறிய மீன்பிடியாலும் 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் அழிந்துவிட்டது. தின்ன ஆளில்லாமல் அலைவைஃப் பெருகிய காலத்தில்தான் பசிபிக் சால்மன்களைக் கொண்டுவந்தார்கள். 1968இல் நியூயோர்க் பக்கமும் 1969இல் ஒன்ராறியோவும் கோஹோக் குஞ்சுகளை விட்டன. சினூக்கும் அதையொட்டி வந்தது. நாங்கள் இழுக்கும் ஒவ்வொரு தூண்டிலும் அன்று மீன் விட எடுத்த முடிவின் தொடர்ச்சி.

செப்டம்பர் 20, சனி

போர்ட் ஹோப்பில், கனரஸ்கா ஆற்று மீன்படியில் சினூக்குகள் ஏறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். உடம்பு கறுத்து, செட்டை கிழிந்து, ஆனாலும் பாய்கின்றன. முட்டையிட்டதும் அத்தனையும் செத்துவிடும்.

மார்ச்சில் விட்டுவந்த அந்த 14 அடிப் படகு இன்னும் விற்பனைக்கு நிற்கிறதாம். வேலையிடத்துப் பெடியன் ஒருவன் அதை வாங்கலாமா என்று கேட்டான். வாங்காதே என்று சொல்லிவிட்டேன். உள்நாட்டுக் குளங்களுக்கு நல்ல படகு. இந்த ஏரிக்குச் சரிவராது. அந்தக் காசை வைத்துக்கொண்டு ஒரு பருவம் எங்களோடு வா, எரிபொருள் செலவில் பங்கு போடு, பிறகு முடிவு செய் என்றேன். மே மாதம் முதல் ஞாயிறு, காலை ஐந்து மணிக்குத் துறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். உயிர்காப்பு அங்கியோடு.