துளையிட்ட பட்டி

பனியில் ஓடும் ஊர்தியின் வரலாற்றிலே ஒரு குழந்தையின் இறப்பு இடம்பெற்றுள்ளது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வல்கூர் என்னுஞ் சிற்றூரிலே பட்டறை நடத்திய யோசப் ஆர்மண்ட் பொம்பாடியே என்பாரின் இரண்டு வயது மகன், 1934ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் வயிற்றறை அழற்சியால் மாண்டான். பாதைகளைப் பனி மூடியிருந்தமையால் அவனை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை. இளமை முதலே பனியூர்தி அமைக்க முயன்றுவந்த தந்தை, பற்சக்கரமும் பட்டியும் இணைந்த ஓட்டமைப்புக்கு 1937இல் ஆக்கவுரிமை பெற்றார். ஓரிருவர் ஏறிச் செல்லும் சிறிய ‘ஸ்கி-டூ’ 1959இல் வெளிவந்தது.

இவ்வூர்தியின் உயிர்நிலை அதன் பட்டியே. முன்னுள்ள சறுக்குகள் திசையைத் திருப்புவன. உந்திச் செலுத்துவது அடியிற் சுழலும் இறப்பர்ப் பட்டி. 15 அங்குல அகலமும் 121 அங்குலச் சுற்றளவும் பெருவழக்கான அளவுகள். மலைப்பனிக்குரியவை 150 அங்குலத்தையுங் கடக்கும். இறப்பரினுள்ளே நெசவுப் படலமும், குறுக்கே ஏறத்தாழ இரண்டரை அங்குலத்துக்கு ஒன்றாகக் கண்ணாடிநார்க் கோல்களும் பதிக்கப்பட்டிருக்கும். பட்டியின் உட்புறத்தை இரு நெடுஞ்சட்டங்கள் அழுத்தி நிற்க, அவற்றின் அடியிலுள்ள பிளாஸ்டிக்குக் கீலங்கள் பட்டியின் உலோகக் கவ்விகள் மீது வழுக்கிச் செல்லும். அவ்விடத்துக்கு எண்ணெயுமில்லை, கிறீசுமில்லை. உட்புகும் பனியே உருகி உராய்வைத் தணிக்கின்றது.

இடரும் இங்கேதான் பிறக்கின்றது. இறுகிய பாதையிலும் உறைந்த ஏரியிலும் ஓடும்போது போதிய பனி உள்ளே வருவதில்லை. கீலங்கள் சூடேறி உருகத் தொடங்கும். நீராற் குளிர்விக்கப்படும் எஞ்சினாயின், பட்டிக்கு மேலுள்ள வெப்பமாற்றியும் தன்மீது பனி தெறியாமையால் பயனிழக்கும். ஆழ்பனியிலோ நிலைமை மறுதலையானது. புகுந்த பனி வெளியேற வழியின்றித் திரண்டு பாரமாகிவிடும். இரண்டுக்கும் பரிகாரமாகப் பனிநாட்டு ஊர்தியாளர் சிலர் கண்ட வழி, பட்டியிலே துளையிடுதல். துளையுடைய பட்டிகளைத் தொழிற்சாலைகளும் செய்து விற்றுள்ளன. ஆயினும் தன் பட்டியைத் தானே துளைப்பவனின் துணிவு வேறுவகையானது.

பனியில்லாத மாதங்களில், கொட்டிலொன்றிலே இவ்வேலை நடைபெறும். ஊர்தியின் பின்புறத்தை உயர்த்தி, பட்டியைக் கையாற் சுழற்றி, ஒவ்வொரு கோலும் கிடக்கும் இடத்தைத் தடவியறிந்து சுண்ணக்கட்டியாற் குறியிடுவர். வட்ட வாளைத் துளைகருவியிற் பூட்டி, கோலுக்கும் கோலுக்கும் நடுவே, உள்ளே மரப்பலகை தாங்கி நிற்க, மெல்ல அழுத்துவர். இறப்பர் புகைந்து நாறும். 121 அங்குலப் பட்டியில் 48 இடைவெளிகள். இடைவெளிக்கு இரண்டாக 96 துளைகள். முதலாவது துளைக்கு வேண்டிய மனவுறுதி மற்றைத் தொண்ணூற்றைந்துக்கும் வேண்டியதில்லை.

இதனாற் பாரம் குறைகின்றது என்பதே பலரும் முதலிற் கூறும் நியாயம். அதில் இயற்பியல் உண்மையொன்று இல்லாமலில்லை. நிலத்தைத் தொடும் பட்டிப்பகுதி அக்கணத்தில் நிலம்பற்றி அசைவதில்லை. மேற்பகுதியோ ஊர்தியின் வேகத்தைப்போல் இருமடங்கு வேகத்தில் முன்னோக்கி விரைகின்றது. கணித்துப் பார்ப்பின், பட்டியிலுள்ள ஒரு கிலோகிராம் திணிவுக்கு, ஊர்தியின் உடலிலுள்ள ஒரு கிலோகிராமைப்போல் இருமடங்கு இயக்கசக்தியை எஞ்சின் வழங்கவேண்டும். ஆனால் அகற்றப்படுவது எவ்வளவு? கால் அங்குலத் தடிப்பில் ஒன்றரை அங்குல விட்டமுள்ள வட்டத் துண்டு பத்துக் கிராமும் தேறாது. தொண்ணூற்றாறையும் கூட்டினாலும் ஒரு கிலோகிராமுக்குக் குறைவே. ஓட்டுநர் காலையுணவைச் சற்றுச் சுருக்கினாலும் கிட்டக்கூடிய இலாபம் அது. பனிக்கு வழி திறப்பதே மெய்யான பயன். பாரக் குறைவு பெருமைக்குச் சொல்லப்படுவது.

இழப்பையும் எண்ணவேண்டும். இழுவைக்குட்பட்ட தகட்டிற் சிறு வட்டத் துளையிருப்பின், அதன் விளிம்பில் தகைப்பு மும்மடங்காகும் என ஜெர்மானியப் பொறியியலறிஞர் கியர்ஷ் 1898இல் நிறுவினார். நெசவு பொதிந்த இறப்பருக்கு அக்கணக்கு அப்படியே பொருந்தாதெனினும், அதன் எச்சரிக்கை பொருந்தும். துளை வட்டமாயிருத்தல் வேண்டும்; கூரிய மூலையிலிருந்து கிழிவு எளிதிற் புறப்படும். வாள் வழுவிக் கண்ணாடிநார்க் கோலைத் தீண்டுமாயின், அக்கோல் அன்றே முறியாவிட்டாலும் பின்னொருநாள் கடுங்குளிரிலே முறியக்கூடும். அறுபட்ட நெசவிழையின் முனை வழியே ஈரம் ஊறி, உறைந்து, படலத்தைப் பிரிப்பதும் உண்டு.

தெருவிலே கார் பழுதுபட்டால் வேறொரு வாகனம் வரும். காட்டினுள்ளே, சுழியத்துக்குக் கீழே இருபது பாகைக் குளிரில், பட்டி கிழிந்த ஊர்தி வெறும் இரும்பு. இடுப்பளவு பனியில் ஒரு மைல் நடப்பதே வலிய மனிதனையுங் களைக்கச் செய்யும். மாலை நான்கு மணிக்கே இருளும் நாடுகள் அவை. பனியிற் சிக்கியவரை மீட்கவென்று எழுந்த பொறியில், வேகத்துக்காகச் செய்யப்படும் இத்திருத்தத்தைப் பழையோர் சிலர் வெறுப்பதில் வியப்பில்லை. ஆனால் அவ்வெறுப்பு முற்றும் நீதியானதன்று. ஏரியின் நடுவே கீலம் உருகிப் பட்டி இறுகினாலும் முடிவு அதுவேயன்றோ! தொழிற்சாலை தன் பட்டியைப் பலவகைப் பனிக்கும் பொதுவாகச் செய்தது. தன் ஊரின் பனி எத்தகையதென அறிந்தவன் அங்கு வாழ்பவனே.

ஆகவே துளையிட்டவருள் விவேகிகள், புறப்படுமுன் ஊர்தியின் பின்புறத்தை மீண்டும் உயர்த்துவர். கையுறையைக் கழற்றி, உறைந்த இறப்பரிலே வெறும் விரலால் ஒவ்வொரு துளையின் விளிம்பையும் தடவி, வெடிப்பு உண்டா எனப் பார்த்து, தொண்ணூற்றாறு வரை எண்ணுவர்.