எரியாத அடுப்பும் என் பாதிப் புருவமும்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று என் இடது புருவம் பாதிதான் இருந்தது. எல்லோரும் கேட்டீர்கள். தம்பி பிளேடால் இழுத்துவிட்டான் என்று சொன்னேன். அது பொய். நடந்தது இதுதான்.

எங்கள் வீட்டு கேஸ் அடுப்பு என்னைவிட மூத்தது. 2008-இல் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது, அப்பத்தா பெயரில் வந்தது. இரண்டு பர்னர். ஒரு காலில் ரப்பர் போய்விட்டதால் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறோம்.

விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் புறப்பட்ட அன்று கஞ்சியை அடுப்பில் வைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அது பொங்கி வலது பர்னருக்குள் இறங்கிவிட்டது. அம்மா குளிக்கப் போயிருந்தார்கள். மேலாகத் துடைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல பஸ் ஏறினேன்.

எட்டு நாள் கழித்து வந்து பற்ற வைத்தால் வலது பக்கம் எரியவில்லை. அம்மா லைட்டரை டக் டக்கென்று அடித்து அடித்துப் பார்த்தார்கள். ம்ஹூம். இடது பக்கம் மட்டும் எரிந்தது. காலை ஆறு மணிக்குள் சோறும் குழம்பும் வைத்துவிட்டு அம்மா களை எடுக்க ஓட வேண்டும். ஒரு அடுப்பில் எப்படி முடியும்? விறகு மழையில் நனைந்து கிடந்தது. மூன்று நாள் அம்மா சாப்பிடாமலே வேலைக்குப் போனார்கள். “இது கதை முடிஞ்சிருச்சு, பழைய இரும்புக்காரர் வந்தா போட்ற வேண்டியதுதான்” என்றார்கள். புது அடுப்பு இரண்டாயிரத்துக்கு மேல் ஆகும். அப்பா திருப்பூரிலிருந்து அனுப்புகிற பணம் வட்டிக்கே சரியாகப் போகிறது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனாலும் கஞ்சி விஷயத்தைச் சொல்லவில்லை.

நானே சரி பண்ணிவிடலாம் என்று நினைத்தேன். சனிக்கிழமை அம்மா போனதும் வலது திருகை முழுசாகத் திறந்தேன். லைட்டருக்குப் பிடிக்கவில்லை. திருகை மூடாமலே தீப்பெட்டி தேடப் போனேன். சாமி மாடத்தில் இருந்தது. வந்து குச்சியைக் கிழித்துக் குனிந்தேன். ‘பக்’கென்று ஒரு சத்தம். தீ பர்னரில் வரவில்லை, அடுப்புக்கு அடியிலிருந்து வந்தது. அப்பத்தா ஓடி வந்து ரெகுலேட்டரை மூடியது. “ஆத்தாடி, ஆத்தாடி” என்று என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தது. அதன் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. நல்லவேளை, கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

சாயங்காலம் அடி விழும் என்று காத்திருந்தேன். அம்மா அடிக்கவில்லை. என்னுடன் பேசவே இல்லை. அதற்கு அடியே தேவலை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு ரிப்பேர் பார்க்கிற தாத்தா எங்கள் தெருவுக்கு வந்தார். முதலில் ஒரு கேள்வி கேட்டார். “ரெண்டும் எரியலையா, ஒண்ணு மட்டுமா?” ஒன்று மட்டும் என்றோம். “அப்ப சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப் பக்கம் குத்தம் இல்ல. ரெண்டுக்கும் அந்த ஒரே வழியாத்தான கேஸ் வருது? கோளாறு இந்தத் திருகுக்கும் பர்னருக்கும் நடுவுலதான்” என்றார். அடுப்பைத் தொடாமலே பாதி விடையைக் கண்டுபிடித்துவிட்டார்!

ரெகுலேட்டரை மூடி, டியூபைக் கழற்றி, அடுப்பைத் திண்ணையில் கவிழ்த்தார். திருகுக்குப் பின்னால் பித்தளையில் ஒரு ஜெட் இருக்கிறது. அதில் ஊசிமுனை அளவு ஓட்டை. அதிலிருந்து கேஸ் வேகமாகப் பாயும்போது பக்கத்திலுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போகும். இரண்டும் கலந்து மேலே வந்தால்தான் நீலமாக எரியும். காற்று குறைந்தால் மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடிக்கும். குழாய் அடைத்துக்கொண்டால் கேஸ் மேலே போக முடியாமல், காற்று நுழைகிற வாய் வழியாக அடியிலேயே கசியும். என் புருவத்தைப் பொசுக்கியது அதுதான். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கீழேயே தேங்கும். அதற்கென்று வாசனையும் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள பொருளைக் கலக்கிறார்கள். அன்றைக்கு எனக்கும் நாற்றம் வந்தது. வந்தும் குச்சியைக் கிழித்தேன் பாருங்கள்!

தாத்தா குழாயைத் தரையில் தட்டினார். கஞ்சிக் கட்டி விழப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மண் உதிர்ந்தது. மண்ணோடு நாலைந்து குட்டிச் சிலந்திகள். “குளவிக் கூடு” என்றார். நாங்கள் ஊரில் இல்லாத நாளில் குளவி உள்ளே கூடு கட்டி, தன் குஞ்சுக்குச் சாப்பாடாகச் சிலந்திகளையும் பிடித்து வைத்திருக்கிறது.

“அப்ப கஞ்சி இல்லையா!” வாய் தவறி வந்துவிட்டது.

அம்மா திரும்பி, “எந்தக் கஞ்சிடி?” என்றார்கள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பர்னரில் ஏழெட்டு ஓட்டைகள் காய்ந்த கஞ்சியால் அடைத்திருந்தது உண்மைதான். தாத்தா அதைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தார். ஜெட்டை மட்டும் வாயால் ஊதினார். ஊசி விட்டால் ஓட்டை பெரிசாகிவிடுமாம். டியூபில் அச்சடித்திருந்த வருஷத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமாம். கடைசியில் எல்லாவற்றையும் மாட்டி, மூட்டுகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பற்ற வைத்தார். நூற்றைம்பது ரூபாய் வாங்கினார்.

வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று அப்பத்தா சொன்னது. “இருக்கிற ரெண்டு படுத்துறதே போதும்” என்று அம்மா சொன்னார்கள். நாலு நாளாகப் பேசாதவர்கள் போல இருந்த வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

புருவம் இப்போது முளைத்துவிட்டது. டியூப் இந்த மாதம் மாற்ற வேண்டும். தம்பிக்குத்தான் பிளேடு கதை இன்னும் தெரியாது. அவன் ஐந்தாம் வகுப்பு, இந்தச் சுவர்ப் பக்கம் வரமாட்டான் என்று நினைக்கிறேன்.

— 9-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு