நாலு பவுன் குஞ்சு

தங்கத்தைப் பவுன் கணக்கில் பேசிப் பழகிய ஊர் கோலார் தங்க வயல். அங்கே காட்டு வாத்துக் குஞ்சின் எடையைச் சொல்ல எளிய வழி உண்டு: முட்டையை விட்டு வந்த மல்லார்டு வகைக் குஞ்சு ஏறக்குறைய 32 கிராம், அதாவது நாலு பவுன். இரண்டே மாதத்தில் அந்த எடை இருபது மடங்குக்கும் மேல் கூடிவிடும்.

பாலாற்றின் மேல் உள்ள பேத்தமங்கலம் ஏரிதான் தங்கச் சுரங்கத்துக்கும் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் தண்ணீர் தந்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது; ஏரி இருக்கிறது. இதுபோன்ற கோலார்ப் பக்கத்து ஏரிகளில் வாழும் புள்ளிமூக்கு வாத்து, மல்லார்டுக்கு நெருங்கிய உறவு. மஞ்சள் நுனி அலகு, அதன் அடியில் இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

குஞ்சை எடைபோடுவது எப்படி? ஆராய்ச்சியாளர்கள் துணிப்பையில் இட்டு வில்தராசில் தொங்கவிட்டு, பையின் எடையைக் கழிப்பார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு அனுமதி வேண்டும். முதல் சில நாட்கள் குஞ்சு தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளாது. தாயின் அடிவயிற்றுக் கதகதப்பு வேண்டும். பிரித்து வைத்தால் விறைத்துப்போகும்.

அதனால் தேர்ந்தவர்கள் தராசை விட்டுக் கண்ணை நம்புகிறார்கள். பருமனை அல்ல, இறகை. காய்ந்த தூவி குஞ்சைக் குண்டாகக் காட்டும், நனைந்தால் அதே குஞ்சு மெலிந்து தெரியும். கோலப், மார்ஷல் இருவரும் 1954இல் வட அமெரிக்க வாத்துகளுக்கு வகுத்த படிநிலைகளில், மல்லார்டுக்கு முதல் 18 நாள் வெறும் தூவிதான். பிறகு விலாவிலும் தோளிலும் இறகு முளைக்கும். 52 முதல் 60 நாளுக்குள் பறக்கும். இந்த நாள் கணக்கை அப்படியே புள்ளிமூக்கு வாத்துக்குப் பொருத்தக் கூடாது. ஒரே குடும்பத்தை வாரம் தவறாமல் பார்த்து, நோட்டில் தேதியோடு எழுதி வர வேண்டும். பொறுமைதான் இங்கே கருவி.

காலும் அலகும் முந்தி வளரும், சிறகு கடைசியில்தான். ஓடவும் நீந்தவும் இரை பிடிக்கவும் முதல் நாளே அவை வேண்டுமே! வயிற்றில் மிஞ்சிய மஞ்சள் கரு ஓரிரு நாள் தாங்கும். அதன்பின் எடை கூட்டுவது பூச்சிகளும் நீர்ப்புழுக்களும்தான். விதையும் புல்லும் பிறகு. பூச்சி குறைந்த நீரில் குஞ்சு மெதுவாகவே தேறும்.

அந்தப் பூச்சிகள் சேர்வது கரையோரக் கோரையிலும் சம்பிலும். ஆகவே ஏரிக்கரை மக்களிடம் ஒரு வேண்டுகோள்: குஞ்சுகளோடு தாய் வாத்தைக் கண்டால், அன்றிலிருந்து இரண்டு மாதம் அந்தப் பக்கத்துக் கோரையை வெட்டாதீர்கள்.