இருபது வருடம் கழித்துக் கால் நனைத்தேன்

கடலூரில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கடலைக் கண்டால் பயம் என்றால் சிரிப்பீர்கள். ஆனால் 2004 டிசம்பர் 26-ஆம் தேதிக்குப் பிறகு நான் அலையில் கால் வைத்ததே இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. "மீன் வாங்கிட்டு வந்துடறேன்டி" என்று கூடையோடு தேவனாம்பட்டினம் கரைக்குப் போன என் சித்தி திரும்பி வரவில்லை. 'சுனாமி' என்ற சொல்லையே நாங்கள் அதற்குப் பிறகுதான் கேள்விப்பட்டோம். அப்போது என் மகளுக்கு ஒரு வயது.

அந்த மகள் வளர்ந்து, 2024-ல் ஆறு மாதப் படிப்புக்காகத் தென் அமெரிக்காவில் இருக்கும் சிலி நாட்டுக்குப் போனாள். நவம்பர் மாதம் அவளைப் பார்க்க நானும் போயிருந்தேன்.

"அம்மா, சனிக்கிழமை எங்க கிளாஸ்ல எல்லாரும் பீச்சுக்குப் போறோம். உன்னையும் கூட்டிட்டு வரச் சொல்லி டீச்சர் சொன்னாங்க."

"நீங்க போயிட்டு வாங்க. எனக்கு எதுக்கு பீச்சு?"

"நீ வரலேன்னா நானும் போகல." பெண் பிள்ளையின் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாதா? புறப்பட்டேன்.

தலைநகர் சான்டியாகோவிலிருந்து வீன்யா டெல் மார் என்னும் அந்த ஊர் சுமார் 120 கிலோமீட்டர். ஜெர்மனி, பிரேசில், கொலம்பியா என்று பல நாட்டுப் பிள்ளைகள் இருபது பேருக்கு மேல் ஒரே பஸ்ஸில். வழியில் மலையைக் குடைந்த இரண்டு சுரங்கப்பாதைகள். அவற்றைத் தாண்டினால் காஸாபிளாங்கா பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைத் தோட்டம். கடலிலிருந்து வரும் மூடுபனி காலையில் அதன் மேல் வெள்ளைத் துணி விரித்த மாதிரி கிடந்தது.

பஸ்ஸில் எல்லாப் பிள்ளைகளும் என்னை "தியா, தியா" என்று கூப்பிட்டார்கள். "என்னடி, என் பேரையே மாத்திட்டாங்க?" என்றேன். "அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாத்துக்கும் இங்க ஒரே வார்த்தைதாம்மா. சிநேகிதங்களோட அம்மாவையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்றாள். சித்தி என்றதும் எனக்குச் சுருக்கென்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது பூக்கடிகாரம். புல்சரிவில் பூச்செடிகளை வட்டமாக நட்டு, அதன் மேல் பெரிய முட்கள் ஓடுகின்றன. 1962-ல் சிலியில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது அமைத்தார்களாம். இன்றும் சரியாக மணி காட்டுகிறது. 'தோட்ட நகரம்' என்று இந்த ஊருக்குப் பட்டப்பெயர். கின்டா வெர்காரா என்ற பெரிய பூங்காவுக்கும் போனோம். அங்குள்ள திறந்தவெளி அரங்கில் பிப்ரவரி மாதம் பெரிய பாட்டு விழா நடக்கும். 1960-ல் தொடங்கியது. பாட்டு பிடிக்காவிட்டால் ஜனங்கள் கூச்சல் போட்டே பாடகரை இறக்கிவிடுவார்களாம். அதனால் அந்தக் கூட்டத்துக்கே 'ராட்சசன்' என்று பெயர்! ஃபோன்க் அருங்காட்சியகத்தின் வாசலில் ஈஸ்டர் தீவிலிருந்து வந்த கற்சிலை ஒன்று நம் ஊர் எல்லைச்சாமி போல விறைப்பாக நிற்கிறது.

மத்தியானம் எம்பனாடா சாப்பிட்டோம். பார்வைக்கு நம் சோமாசியேதான், அளவுதான் பெரிது. உள்ளே கறி, வெங்காயம், முட்டை, ஆலிவ் காய் வைப்பார்கள். மாட்டுக்கறி என்றதால் நான் சீஸ் வைத்துப் பொரித்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கடற்கரையில் குச்சுஃப்ளி என்று குழல் போன்ற மொறுமொறு பண்டம் விற்கிறார்கள். உள்ளே பாலைச் சுண்டக் காய்ச்சிய இனிப்பு. நம் திரட்டுப்பாலின் தங்கை என்று சொல்லலாம்.

பிறகுதான் கடல். பூக்கடிகாரத்துக்கு எதிரேயே கலேட்டா அபார்க்கா கடற்கரை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த நேரம் பார்த்து ஒரு கம்பத்தில் அறிவிப்புப் பலகை. பெரிய அலை, அதற்கு முன்னால் மேட்டில் ஓடும் மனிதன், பக்கத்தில் அம்புக்குறி. "தினமும் இதைப் பார்த்துக்கிட்டு இவங்க எப்படிக் குளிக்கிறாங்க?" என்று மகளிடம் கேட்டேன்.

டீச்சரம்மா பிள்ளைகளை மணலில் நிற்க வைத்து, தண்ணீரில் இறங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நிலம் நிற்க முடியாமல் ஆடினால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்?" எல்லாரும் பின்னால் இருந்த காஸ்டியோ குன்றைக் கை காட்டினார்கள். "சைரனுக்காகக் காத்திருக்கக் கூடாது. பையை எடுக்கக் கூடாது. 30 மீட்டர் உயரம் ஏறும் வரை நிற்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டார்கள்.

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கதையை மகள் அவருக்குச் சொன்னாள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசப் பேச, மகள் தமிழில் சொல்லி வந்தாள். உலகத்தில் அளவெடுத்த பூகம்பங்களிலேயே பெரியது 1960 மே மாதம் சிலியில் வந்ததுதான், அளவு 9.5. 2010 பிப்ரவரியில் 8.8. அன்று அரசாங்க எச்சரிக்கை சரியாக வரவில்லை. ஆனால் ராபின்சன் குரூசோ தீவில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி ஓடிப்போய் ஊர் மணியை அடித்துப் பல பேரைக் காப்பாற்றினாள். 2015 செப்டம்பரில் 8.3 வந்தபோது சுமார் 10 லட்சம் பேர் மேட்டுக்குப் போய்விட்டார்கள். இறந்தவர்கள் மிகக் குறைவு.

"கடலை நாங்கள் வெறுக்கவில்லை. வழியைத் தெரிந்து வைத்துக்கொண்டோம்" என்றார்.

என் சித்திக்கு யாரும் வழி காட்டவில்லையே என்று அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்தேன். மகள் ஒரு கை, டீச்சரம்மா ஒரு கை. அலை வந்து காலைத் தொட்டது. அம்மாடி, ஐஸ் தண்ணீர்! தெற்கேயிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டத்தால் வெயில் காலத்திலும் அந்தக் கடல் குளிர்ந்துதான் இருக்குமாம். நான் போட்ட கூச்சலுக்கு "தியா! தியா!" என்று பிள்ளைகள் கை தட்டினார்கள்.

இப்படிக் குளிர்ந்த கடலுக்குப் போகிறவர்கள் சட்டென்று குதிக்காதீர்கள், மூச்சு அடைக்கும். மெல்ல மெல்ல இறங்க வேண்டும். இதய நோய் உள்ளவர்கள் கரையோடு நிற்பதே நல்லது. காற்று சில்லென்று இருப்பதால் வெயில் உறைப்பது தெரிவதில்லை. மாலையில் பார்த்தால் முகமெல்லாம் சிவந்து எரிகிறது. தொப்பியும் வேண்டும், ஒரு ஸ்வெட்டரும் வேண்டும்.

நம் நாட்டிலும் 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வேலை செய்கிறது. ஆனாலும் கடற்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் தாய்மார்கள் சுண்டல் வாங்கும் முன் ஒரு நிமிஷம் வழியைக் காட்டிக் கொடுங்கள். நிலம் பலமாக ஆடினாலோ, கடல் திடீரென்று உள்ளே வாங்கினாலோ வேடிக்கை பார்க்காமல் ஓட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.

ஊர் திரும்பியதும் என் கணவரோடு கடலூர் சில்வர் பீச்சுக்குப் போனேன். "என்ன தேடறே?" என்றார். "ஊருக்குள்ள போற ரோடு எதுன்னு பார்க்கறேன்" என்றேன். பார்த்து வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, அலைக்குள் நடந்தேன்.