எண்ணெய் விலை யார் தலையில்?

தனியார் மின்திட்டம் என்றால் இப்போது எக்செல்லில் ஒரு 'ரிஸ்க் மேட்ரிக்ஸ்' போட்டுக் கட்டங்களுக்குச் சிவப்பும் பச்சையும் பூசிவிட்டு, வேலை முடிந்தது என்கிறார்கள். அந்தக் கட்டங்கள் என்ன ஆகும் என்று பார்க்க, தருமபுரி மாவட்டத்து நல்லம்பள்ளிக்காரர்கள் வெகுதூரம் போகவேண்டாம், சாமல்பட்டி போதும். 2004-இல் கிருஷ்ணகிரி பிரியும்வரை அதுவும் தருமபுரி மாவட்டம்தான். எண்ணெயில் ஓடும் என்ஜின்களோடு 105 மெகாவாட் தனியார் நிலையம் 2001-இல் அங்கே ஓடத் தொடங்கியது. மின்வாரியத்தோடு 15 ஆண்டு ஒப்பந்தம். அந்த ஆண்டு கச்சா எண்ணெய் பீப்பாய் 25 டாலரை ஒட்டி இருந்தது. 2008 ஜூலையில் 147 டாலர். ஏற்றம் முழுக்க எரிபொருள் கட்டணமாக வாரியத்தின் பில்லில் ஏறியது. மின்சாரம் வேண்டாம் என்று நிறுத்தச் சொன்னாலும், முதலீட்டுக்கான நிலைக்கட்டணம் நிற்காது என்பதே ஏற்பாடாக இருந்தது.

இந்தத் தொழிலின் சூட்சுமம் எரிபொருள் ஷரத்தில் இருக்கிறது. அதைப் படிக்கிறவனைக் குமாஸ்தா என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு வெப்பம் என்று ஒப்பந்தம் குறிக்கும் ஹீட் ரேட்டை எண்ணெயின் கலோரி மதிப்பால் வகுத்து விலையால் பெருக்கினால் யூனிட்டின் எரிபொருள் கட்டணம். ஹீட் ரேட்டில் மிச்சம் பிடித்தால் லாபம் கம்பெனிக்கு. எண்ணெயை மலிவாக வாங்கிக் கொடுத்தால் கம்பெனிக்குக் காலணா இல்லை. பிறகு யார் மெனக்கெடுவார்கள்? கலோரி மதிப்பு குறைந்தால் பில் கூடும். ஆகவே சாம்பிள் எடுத்தது லாரியிலா டாங்கிலா, தண்ணீர் வடித்த பிறகா முன்பா என்ற ஒரு வரியில் பெரும்பணம் புரளும். மேட்ரிக்ஸில் அதற்குக் கட்டமே கிடையாது.

விலைச் சுமையை வாரியம் ஏற்காவிட்டால் தொண்ணூறுகளின் பற்றாக்குறையில் எவன் முதல் போட்டிருப்பான் என்பார்கள். நியாயம்தான், பின்னாளைய மின்வெட்டில் எந்த யூனிட்டும் வேண்டித்தான் இருந்தது. மொத்தச் சுமையையும் கம்பெனி தலையில் கட்டினாலும் உருப்படவில்லை. குஜராத்தின் முந்த்ராவில் டாடா, இந்தோனேசிய நிலக்கரியை நம்பி, யூனிட் 2.26 ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. 2010-இல் இந்தோனேசியா நிலக்கரி விலை விதியை மாற்றியதும் கணக்கு கவிழ்ந்தது. விலையேற்றம் தவிர்க்கமுடியாத நிகழ்வு ஆகாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விலையை இருவராலும் கட்டுப்படுத்த முடியாது. எந்த எரிபொருள், யாரிடம் வாங்குவது என்பதை மட்டும் முடிவு செய்யலாம். எனவே குறிப்பிட்ட வரம்புவரை ஏற்றத்தில் ஒரு பங்கு கம்பெனிக்கு, அதைத் தாண்டினால் வாரியத்துக்கு. தாண்டியே நீடித்தால் நிலைக்கட்டணத்தைக் குறைத்துக்கொண்டு வாரியம் விலகலாம் என்று எழுதியிருக்கவேண்டும். அந்த வரம்பைக் கணக்குப் போட்டு வைக்கப் பழைய பில்களைப் புரட்டவேண்டும். இன்றைய ஆலோசகர்களோ வேறு மாநிலத்து மாதிரிப் படிவத்தில் பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். சில வரைவுகளில் அதையும் மாற்றுவதில்லை.