பகலில் போட்ட கணக்கு

சில வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்து முற்பகலொன்றில், கொப்பியும் பேனையுமாக ஒரு குப்பைமேட்டைச் சுற்றி நடந்தேன். ஊருக்கு மேற்கே, வயல்வெளி முடிந்து தரவை தொடங்கும் இடம் அது. மேட்டை இன்னும் சில ஏக்கருக்கு விரிக்கப் போகிறார்கள். அங்கே என்னென்ன உயிரினங்கள் உள்ளன என்று ஒரு பட்டியல் வேண்டுமாம். பறவை பார்க்கிற பழக்கமுள்ள வாத்தியார் ஒருவர் ஊரில் இருப்பது எப்படியோ தெரிந்திருக்கிறது. கேட்டது யாரென்பது இங்கே முக்கியமல்ல. மறுக்காமல் போனவன் நான்.

மூன்று மணித்தியாலம் நடந்தேன். உண்ணிக்கொக்குகள், பருந்துகள், இரண்டு மயில்கள், பற்றைக்குள் ஓர் உடும்பு, சேற்றில் நரியின் காலடி. எல்லாவற்றையும் எழுதினேன். கடைசி வரியில் 'யானை: காணப்படவில்லை' என்று எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்தேன். அதில் பொய்யில்லை. நான் காணவில்லை.

அந்தப் பக்கத்து வயற்காவல்காரர் ஒருவரைப் பின்னர் தேநீர்க் கடையில் சந்தித்தேன். அறுபதைத் தாண்டியவர். என் பட்டியலின் கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"ஆனை இல்லையெண்டா எழுதினீங்க மாஸ்டர்?"

"நான் போன நேரம் இருக்கல்ல காக்கா."

"பகலைக்குப் போய்த் தேடினா கிடைக்குமா? வேளாண்மை வெட்டி முடியட்டும், மஃரிபு தொழுதுட்டு வாங்களன், காட்டுறன்."

அறுவடை முடிந்த பிறகு ஒருநாள் போனேன். அவருடைய பரணில் இருந்தோம். இருள் கவியும் நேரத்தில் தரவைப் பக்கமிருந்து ஏழு யானைகள் வரிசையாக வந்தன. எப்போதும் வருகிற பாதையால் வருவதுபோல ஆறுதலாக வந்தன. மூன்று வைக்கோலில் நின்றுவிட்டன; நான்கு குப்பையில் ஏறின. குட்டியொன்று தாயைப் பார்த்துச் சொப்பிங் பேக் ஒன்றைத் தும்பிக்கையால் தூக்கி உதறியது. உள்ளிருந்த அழுகல் மரக்கறி விழவில்லை. பையோடு வாயில் வைத்தது.

விடிந்ததும் இறங்கிப் போய் யானை இலத்தியைக் குச்சியால் கிளறினேன். வைக்கோல், புல், அவற்றோடு சுருண்டுபோன பொலித்தீன் துண்டுகள். ஒன்றை நீட்டிப் பார்த்தேன். சோற்றுப் பார்சல் சுற்றுகிற லஞ்ச் சீட். 2017 செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து தடை செய்யப்பட்ட பொருள்தான். ஆனாலும் நான் பகலுணவு வாங்குகிற கடையில் அதே தாளில்தான் கட்டித் தந்தார்கள், நானும் வாங்கினேன்.

எங்கள் கரையில் இது புதிய கதையுமல்ல. ஒலுவிலுக்கு அருகே பள்ளக்காட்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2008இல் கழிவு முகாமை நிலையமொன்று அமைக்கப்பட்டது. ஒன்பது ஊர்களின் குப்பை அங்கே போய்ச் சேர்ந்தது, மீள்சுழற்சி நடக்கவில்லை. 2014இல் மின்னல் தாக்கி யானைவேலி பழுதானது, திருத்தப்படவில்லை. 2020இல் யாழ்ப்பாணத்துப் புகைப்படக் கலைஞர் தர்மபாலன் திலக்சன் எடுத்த படங்கள், நமது குப்பையில் யானைகள் மேய்வதை உலகத்துக்குக் காட்டின. எட்டு வருடங்களில் சுமார் இருபது யானைகள் அங்கே பிளாஸ்டிக் தின்று இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. இறந்தவற்றை அறுத்துப் பார்த்த மிருக வைத்தியர் கண்டது பொலித்தீனும் உணவுச் சுற்றுத் தாள்களும் தண்ணீரும்தான். யானையின் இயல்பான உணவு வயிற்றில் இருக்கவில்லை.

சட்டம் இல்லையா? 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் யானையைக் காக்கிறது. 1993ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் நாளொன்றுக்கு 100 தொன்னுக்கு மேல் குப்பை கொட்டும் இடத்துக்குச் சுற்றாடல் மதிப்பீடு கேட்கின்றன. அதற்குக் குறைந்ததென்றால், காப்பு நிலங்கள் போன்ற குறித்த சில இடங்களுக்குள்ளோ அவற்றின் எல்லையை ஒட்டியோ இருந்தால்தான் அந்தக் கேள்வி எழும். நமது சிறிய ஊர்களின் குப்பை 100 தொன்னை எட்டுவது எப்போது? யானையோ காப்பு நிலத்துக்குள் மட்டும் வாழ்வதில்லை. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தில் யானை நடமாடுகிறது. அதில் 70 சதவீதமளவு மனிதரும் குடியிருக்கும் இடம் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். எங்கள் வயலும் தரவையும் அதற்குள்தான் வருகின்றன.

ஆகவே குப்பைமேட்டை விரிக்குமுன் ஒருவர் போய்ப் பார்ப்பதென்றால், ஒருநாள் முற்பகல் போதாது. இரவிலும் பார்க்க வேண்டும். விதைப்பு, வெட்டு, வரட்சி, மாரி என்று வருடம் முழுக்கப் பார்க்க வேண்டும். இலத்தியையும் காலடியையும் தேய்ந்த மரப்பட்டையையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாகப் பரணில் இருப்பவரைக் கேட்க வேண்டும். ஆசிரியர் கலாசாலையில் எனக்கு அவதானிப்பு என்று ஒரு பாடம் படிப்பித்தார்கள். கண்ணால் கண்டதை எழுது என்றார்கள். எந்த நேரத்தில் கண்டாய் என்பதையும் சேர்த்து எழுது என்று சொன்னதாக ஞாபகமில்லை. சொல்லியிருந்தாலும் நான் மறந்திருப்பேன்.

அந்த வாரமே திருத்தக் கடிதமொன்று எழுதிக் கொடுத்தேன். "பட்டியல் மேலே போய்விட்டது, பார்ப்போம்" என்றார்கள். இப்போது பகலுணவை வீட்டிலிருந்து பெட்டியில் கொண்டுபோகிறேன். அதனால் ஒரு யானையும் பிழைத்துவிடாது என்று எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவதானிப்புக் குறிப்பு எழுதக் கொடுக்கும்போது இரண்டு நிரல்கள் கூடுதலாகக் கோடு போடச் சொல்கிறேன்: எத்தனை மணிக்குப் பார்த்தாய்? யாரிடம் கேட்டாய்?

'காணப்படவில்லை' என்ற அந்தத் தாள் இன்னும் ஏதோவொரு கோப்பில் கிடக்கும். அதன் அடியில் இருப்பது என்னுடைய ஒப்பம்தான்.