காணிக்கையும் மூலதனமும்

கிறிஸ்தவ ஆலயங்களிற் காணிக்கை எடுக்கப்படும் வேளையில் அடிக்கடி நினைவூட்டப்படுவது ஏழை விதவையின் கதையாகும். இரண்டு சிறு காசுகளைப் போட்ட அவள், செல்வர் அனைவரினும் மிகுதியாகக் கொடுத்தாள் என்று இயேசு சொன்னதாக மாற்கு சுவிசேஷத்தின் பன்னிரண்டாம் அதிகாரம் கூறுகின்றது. ஆனால், அக்கதைக்குச் சற்று முன்னுள்ள வசனங்களைப் பிரசங்கிகள் அத்துணை விருப்புடன் வாசிப்பதில்லை. நீண்ட அங்கி தரித்து, முதன்மையான ஆசனங்களை நாடி, விதவைகளின் வீடுகளை விழுங்குகின்ற வேதபாரகரைப் பற்றிய கண்டனம் அங்கே இருக்கின்றது. கொடுப்பவளின் பெருமையும் பெறுபவரின் பேராசையும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது தற்செயலானதென நாம் கருதவில்லை. காசு பெட்டிக்குள் விழும்வரை கொடுப்பவரைப் பற்றிப் பேசலாம். விழுந்த பின்னர் பேச வேண்டியது பெட்டியின் திறப்பை வைத்திருப்பவரைப் பற்றியே.

கடவுள் உண்டா, இல்லையா என்ற வாதத்தை நாம் இங்கு எழுப்பவில்லை. உழைப்பவன் தன் கூலியிலிருந்து பிரித்துக் கொடுத்த பணம் எங்கே செல்கின்றது, என்னவாக மாறுகின்றது, யாருக்கு அதிகாரத்தை அளிக்கின்றது என்பதே எமது கேள்வி. நம்பிக்கை உடையவருக்கும் இல்லாதவருக்கும் இது பொதுவான கேள்வியாகும்.

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் நிலவிய பிடியரிசி வழக்கத்தை வாசகர் பலர் அறிவர். உலையில் அரிசி இடும்போது ஒரு பிடியை எடுத்து வேறு பானையிற் போட்டுவைப்பார்கள். சேர்ந்த அரிசி கோயிலுக்குச் செல்லும். எம் வீட்டிலும் அப்பானை இருந்தது. அரிசி குறைந்த நாட்களில் எம் தாயார் தமக்குரிய பங்கிலிருந்தே அந்தப் பிடியை எடுத்தார் என்பதை நாம் அறிவோம். ஆயினும், அவ்வரிசியைச் சுற்றி இரகசியம் எதுவும் இருக்கவில்லை. அது கோயில் வளவில் ஏலம் விடப்படும். வாங்கியவர் யார், விலை என்ன என்பது ஊருக்குத் தெரியும். கூரை வேய எவ்வளவு, நோயாளிக்கு எவ்வளவு என்பதும் தெரியும். கொடுத்தவரும் செலவிட்டவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாழ்ந்தனர்.

காணிக்கை மூலதனமாக மாறும்போது இந்த உறவு முறிந்துவிடுகின்றது. அரிசியை நெடுநாள் வைத்திருந்தால் வண்டு பிடிக்கும். ஆகவே, அதை உண்ணக் கொடுத்தே தீரவேண்டும். பணமோ வைத்திருக்க வைத்திருக்கப் பெருகுவது. பெருகுவதே அதன் தொழிலாகிவிட்டால், எந்தத் தேவைக்காக அது கொடுக்கப்பட்டதோ அத்தேவை பின்தள்ளப்படுகின்றது.

இதற்குத் தெளிவான உதாரணத்தை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திற் காணலாம். மோர்மன் சபை எனப் பொதுவாக அழைக்கப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை சோல்ற் லேக் நகரைத் தலைமையிடமாகக் கொண்டது. அதன் அங்கத்தவர் தமது வருமானத்திற் பத்தில் ஒன்றைத் தசமபாகமாகச் செலுத்த வேண்டும். செலுத்தாதவருக்குச் சபையின் தேவாலயத்துட் செல்லும் அனுமதிச் சீட்டு கிடைப்பதில்லை. அங்கே மிகப் புனிதமான சடங்குகள் நிகழ்கின்றன. செலவு விவரங்களை வெளியிட்டுவந்த இச்சபை 1959 ஆம் ஆண்டுக்குப் பின்னர் அவ்வழக்கத்தைக் கைவிட்டது.

சபையின் மிகுதிப் பணத்தை முதலீடு செய்வதற்கு 1997 இல் என்சைன் பீக் அட்வைசர்ஸ் என்னும் நிறுவனம் அமைக்கப்பட்டது. அந்நிதி ஏறத்தாழ 10,000 கோடி டொலராக வளர்ந்துவிட்டதென்றும், அதிலிருந்து அறப்பணிக்கு நேரடியாக எதுவும் வழங்கப்படவில்லையென்றும் முன்னாள் ஊழியர் ஒருவர் அமெரிக்க வரித் திணைக்களத்திடம் முறையிட்டமை 2019 டிசம்பரில் வெளிவந்தது. தான் சட்டத்துக்கு அமையவே நடப்பதாகச் சபை பதிலளித்தது. ஆனால், 2023 பெப்ரவரியில் அமெரிக்கப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு தன் முடிவை வெளியிட்டது. பங்குகளைப் பற்றிச் சட்டப்படி சமர்ப்பிக்க வேண்டிய அறிக்கைகளை 1997 முதல் 2019 வரை அந்நிறுவனம் தன் பெயரிற் சமர்ப்பிக்கவில்லை; பதின்மூன்று பெயரளவுக் கம்பனிகளை உருவாக்கி அவற்றின் பின்னே மறைந்துகொண்டது; 2018 இல் ஏறத்தாழ 3,200 கோடி டொலர் பெறுமதியான பங்குகள் இவ்விதம் மறைக்கப்பட்டிருந்தன என்று ஆணைக்குழு கண்டது. நிறுவனம் 40 இலட்சம், சபை 10 இலட்சம் என மொத்தம் 50 இலட்சம் டொலர் தண்டமாகச் செலுத்த இணங்கின. பத்தாயிரம் ரூபா வைத்திருப்பவனிடம் ஒன்றரை ரூபா அறவிட்டமைக்கு இது ஒப்பாகும்.

ஏன் மறைத்தார்கள்? அந்நிறுவனத்தின் தலைவர் 2020 இல் பத்திரிகையொன்றுக்குக் கூறியதன் சாரம் கவனிக்கத்தக்கது. இத்துணைச் செல்வம் உண்டெனத் தெரிந்தால் அங்கத்தவர் காணிக்கை கொடுக்காது விட்டுவிடலாம் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்ததாம். அப்படியாயின், இரகசியம் காக்கப்பட்டது திருடருக்கு அஞ்சியன்று, கொடுத்தவருக்கு அஞ்சியே. வாடகை வீட்டில் வாழும் தொழிலாளி தன் பிள்ளைகளின் சப்பாத்துக்குரிய பணத்தையும் சேர்த்துத் தசமபாகம் செலுத்தும்போது, அப்பணம் உண்மையில் தேவைப்படுகின்றதா என்பதை அறியும் உரிமை அவனுக்கு மறுக்கப்பட்டது. எமது கண்டனம் முதலாவதாக இதைப் பற்றியதே.

சோல்ற் லேக் நகரின் மத்தியில் 2012 இல் ஒரு மாபெரும் கடைத்தொகுதி திறக்கப்பட்டது. சபையின் கம்பனிகள் அதற்காகச் செலவிட்டது ஏறத்தாழ 150 கோடி டொலர் என மதிக்கப்பட்டது. தசமபாகப் பணம் இதற்குப் பயன்படவில்லை என்றது சபை. முதலிட்ட பணம் ஈட்டிய இலாபமே பயன்பட்டது, முதல் அப்படியே இருக்கின்றது என்பது அதன் விளக்கம். தமது காணிக்கையைத் திருப்பித் தருமாறு செல்வர் ஒருவர் 2021 இல் வழக்குத் தொடுத்தார். மேன்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜனவரியில் அவ்வழக்கைத் தள்ளிவிட்டது. பணம் வந்த வழியைச் சபை பொய்யாகக் கூறவில்லை என்பதே நீதிமன்றத்தின் முடிவு.

நீதிமன்றம் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு விடையளித்தது. நாம் கேட்பது வேறு. விதைநெல்லைக் கொடுத்தவனிடம், உன் நெல் பத்திரமாக இருக்கின்றது, விளைந்தது மட்டுமே எங்களுடையது என்று சொன்னால் எந்தக் கமக்காரன் ஏற்றுக்கொள்வான்? காணிக்கைக்கு நோக்கம் உண்டென்றால் அதன் இலாபத்துக்கும் அதே நோக்கம் உண்டு.

சபைக்குச் சார்பான நியாயங்களையும் நாம் ஒதுக்கிவிடலாகாது. பஞ்ச காலத்துக்குச் சேமிக்க வேண்டும் என்கின்றனர். 2023 ஆம் ஆண்டில் மட்டும் வறியோரின் நலனுக்காக 136 கோடி டொலர் செலவிட்டதாகவும் சபை அறிவித்துள்ளது. அது சிறு தொகையன்று. சேமிப்பும் தன்னளவிற் குற்றமன்று. எகிப்தில் ஏழு செழிப்பான ஆண்டுகளில் யோசேப்பு தானியம் சேர்த்த கதையை இதற்கு ஆதாரமாகக் காட்டுவர். அக்கதையின் முடிவையும் வாசிக்க வேண்டும். பஞ்சம் வந்தபோது மக்கள் அத்தானியத்துக்காகப் பணத்தையும் மந்தைகளையும் இறுதியில் நிலத்தையும் கொடுத்துப் பார்வோனுக்கு அடிமைகளாயினர். குருமாரின் நிலம் மட்டும் தப்பியது என்று ஆதியாகமத்தின் 47 ஆம் அதிகாரம் சொல்கின்றது. களஞ்சியம் யார் கையில் இருக்கின்றது என்பதே எப்போதும் முதற்கேள்வி.

மூலதனம் தன் உடைமையாளரின் பிரசங்கத்தைக் கேட்பதில்லை என்பதற்கு இங்கிலாந்துத் திருச்சபையின் வரலாறு சான்றாகும். வறிய குருமாருக்கு உதவுவதற்காக ஆன் அரசியின் பெயரால் 1704 இல் ஒரு நிதியம் நிறுவப்பட்டது. அதன் பணம் பதினெட்டாம் நூற்றாண்டில் தென்கடற் கம்பனியில் இடப்பட்டது. ஆபிரிக்க மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றி விற்ற கம்பனி அது; ஏறத்தாழ 34,000 பேரை அது கொண்டு சென்றதாகத் திருச்சபையே நடத்திய ஆய்வு கூறுகின்றது. அந்நிதியத்தின் வாரிசாக 1948 இல் உருவான திருச்சபை ஆணையாளர் குழு, 2023 ஜனவரியில் இதைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு 10 கோடி பவுண் ஒதுக்குவதாக அறிவித்தது. அந்தக் கிராமத்துக் குருமார் கொடியவர்களல்லர். தமது சிறு வருமானத்தில் மனிதரை விற்ற பணமும் கலந்திருந்ததென்பது அவர்களிற் பெரும்பாலோருக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்.

இது பழங்கதையன்று. 2013 ஜூலையில் கன்ரபரி அதிமேற்றிராணியார் ஜஸ்ரின் வெல்பி, ஆண்டுக்கு 5,000 வீதத்துக்கும் மேலான வட்டி பெற்ற வொங்கா என்னும் கடன் நிறுவனத்தைக் கண்டித்து, சிக்கனக் கடன் சங்கங்களை வளர்த்து அதை ஒழிப்போம் என்றார். மறுநாளே ஒரு செய்தி வெளிவந்தது. இடைநின்ற நிதியமொன்றினூடாக அவருடைய திருச்சபையின் பணமும் அந்நிறுவனத்தில் இருந்தது. தொகை ஏறத்தாழ 75,000 பவுண். அடுத்த ஆண்டு அது விலக்கப்பட்டது. பேராயரின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. நல்லெண்ணம் மட்டும் போதாது, கணக்குத் தெரியவேண்டும் என்பதையே இது காட்டுகின்றது.

கணக்குத் தெரிந்தவர்கள் வேறுவிதமாகவும் நடந்திருக்கின்றனர். 1971 இல் அமெரிக்க எப்பிஸ்கோப்பல் திருச்சபை, தான் பங்கு வைத்திருந்த ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியின் கூட்டத்துக்குச் சென்று, நிறவெறி ஆண்ட தென்னாபிரிக்காவை விட்டு வெளியேறுமாறு தீர்மானம் கொண்டுவந்தது. 1972 இல் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மத்திய குழு, தென்னாபிரிக்க நாடுகளோடு தொடர்புடைய கம்பனிகளிலிருந்த தன் பங்குகளை விற்கத் தீர்மானித்தது. பணம் எங்கே இருக்கின்றதென்று அங்கத்தவர் கேட்டதனாலேயே இவை நிகழ்ந்தன.

எமக்கும் இதில் ஒரு பங்குண்டு. 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமாரைத் தாங்கியது நியூ இங்கிலாந்துச் சாதாரண மக்களின் காணிக்கை. அதைக்கொண்டு 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி எழுந்தது. ஈழத்தின் கல்வி வரலாற்றிற் பெரும் இடம்பெற்ற அந்நிறுவனம் 1855 இல் மூடப்பட்டது. பொஸ்ரனிலிருந்து வந்த தூதுக்குழுவின் கொள்கையே அதைத் தீர்மானித்தது. காசு கொடுத்த விவசாயியையும் கேட்கவில்லை, கற்ற மாணவனையும் கேட்கவில்லை. ஈகையும் அதிகாரமும் வெவ்வேறு கைகளில் இருந்தமையின் விளைவு இது.

சில ஆண்டுகளுக்கு முன் எமது ஊர்ச் சபையொன்றின் ஆண்டுக் கூட்டத்தில், வங்கி வைப்பின் வட்டி எங்கே செலவாகின்றதென்று ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டார். ஆண்டவருக்குக் கொடுத்ததற்கு மனிதன் கணக்குக் கேட்கலாமா என்று மேடையிலிருந்து பதில் வந்தது. சபையிற் பலர் தலைகுனிந்து மௌனமாக இருந்தனர். அவரோ, “ஐயா, ஆண்டவர் வங்கிப் புத்தகத்தில் ஒப்பமிடுவதில்லையே” என்று சொல்லி அமர்ந்தார். அடுத்த ஆண்டு வட்டிக் கணக்கு அச்சிட்டு வழங்கப்பட்டது.

அப்பதிலுக்கு அவர்களுடைய வேதமே மறுப்பாகும். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த நிதியைப் பவுல் தனியே கொண்டுசெல்லவில்லை. குறைகூற இடமிருக்கலாகாதென்று கருதி, சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரையும் உடன் சேர்த்துக்கொண்டார் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் கூறுகின்றது. அப்போஸ்தலர் ஏற்றுக்கொண்ட சோதனையை இன்றைய பொருளாளர் இழிவெனக் கருதுவானேன்?

ஆகவே, கொடுப்பவர் கேட்கவேண்டிய கேள்விகள் சிலவே. எவ்வளவு வந்தது? எவ்வளவு செலவாயிற்று? மிகுதி எந்தக் கம்பனியில், எந்த நிலத்தில், எந்த வங்கியில் இருக்கின்றது? அதனால் இலாபம் பெறுபவர் யார்? நட்டப்படுபவர் யார்? இவற்றுக்கான விடை பொதுமக்கள் விளங்கிக்கொள்ளும் மொழியில் அச்சிட்டு வழங்கப்படல் வேண்டும். ஆலயங்களுக்கு மட்டுமன்றி, எமது கோயில் அறங்காவற் சபைகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும், நாமே சந்தா செலுத்தும் தொழிற்சங்கங்களுக்கும் இது பொருந்தும். மாணவருக்கு வட்டிக் கணக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள், ஊர்ப் பணத்தின் வட்டிக் கணக்கையும் வாசிக்கக் கற்பிப்பார்களாக.